எதிர்வீட்டு வாசலில் இரண்டு பால் பாக்கெட்

கேள்வி: சென்னையில் 48 வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆறு வருடமாக இருக்கிறோம். எனக்கு வயது 39, ஐ.டி. வேலை. எதிர்வீட்டில் 76 வயது அம்மா தனியாக இருக்கிறார். கணவர் காலமாகிவிட்டார், மகன் கனடாவில். போன மாதம் பாத்ரூமில் வழுக்கி விழுந்து, ஒன்றரை நாள் தரையிலேயே கிடந்திருக்கிறார். வேலைக்கு வரும் பெண் அந்த இரண்டு நாளும் ஊருக்குப் போயிருந்தார். இரண்டாம் நாள் காலையில் அவர் வாசல் பையில் இரண்டு பால் பாக்கெட் இருந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு லிஃப்ட்டில் ஏறிப் போய்விட்டேன். சாயங்காலம்தான் கதவை உடைத்தார்கள். கையில் எலும்பு முறிவு, சிறுநீரகமும் பாதிக்கப்பட்டு 12 நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு இப்போது வீட்டுக்கு வந்திருக்கிறார். எனக்குத் தூக்கம் வரவில்லை. நாம் எல்லோரும் இவ்வளவு சுயநலமாகிவிட்டோமா? ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால், “ஒரு தடவை உள்ளே நுழைஞ்சா அப்புறம் எல்லாமே நம்ம தலையிலதான்” என்கிறார் என் மனைவி. அவர் பயமும் நியாயமாகத்தான் படுகிறது.

பதில்:

உங்கள் மனைவியின் பயம் நியாயமானதுதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்தப் பால் பாக்கெட். 1973-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர்கள் 40 பேரை வைத்துச் செய்த ஒரு பரிசோதனை உண்டு. பாதிரியார் ஆகப் படிப்பவர்கள். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்ப் பேசச் சொன்னார்கள். பாதிப் பேருக்குக் கொடுத்த தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகும் வழியில் ஒரு ஆள் சுருண்டு உட்கார்ந்து இருமிக்கொண்டும் முனகிக்கொண்டும் இருந்தார். ‘இன்னும் நேரம் இருக்கிறது’ என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். ‘ஏற்கெனவே தாமதம், ஓடு’ என்று சொல்லப்பட்டவர்களில் 10 சதவீதம். எந்தத் தலைப்பில் பேசப் போனார்கள் என்பது பெரிய வித்தியாசம் எதையும் உண்டாக்கவில்லை. சமாரியன் கதையைச் சொல்ல ஓடியவர்களிலேயே சிலர் அந்த ஆளைத் தாண்டிக்கொண்டு போனார்கள்.

அவர்களுக்கும் மனசு இருந்தது. நேரம்தான் இல்லை. காலை எட்டரைக்கு லிஃப்ட் முன்னால் நிற்கிறவரின் நிலையும் அதுவே. ‘இந்தக் காலத்தில் எல்லோரும் சுயநலமாகிவிட்டார்கள்’ என்ற விளக்கத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. அது கேட்க வருத்தமாக இருக்கும், ஆனால் யார் தலையிலும் ஒரு வேலையையும் வைக்காது. அந்தக் காலத்துத் தெருவில் பக்கத்து வீட்டுச் சேதி தெரிந்ததற்குக் காரணம் பொதுக் கிணறும், ஒட்டுச்சுவரும், திண்ணையும். பார்க்காமல் இருக்க முடியாத கட்டட அமைப்பு. கூடவே வேவும் வம்பும் இருந்தன, யார் திண்ணையில் யார் உட்காரலாம் என்ற சாதிக் கணக்கும் இருந்தது. அதையெல்லாம் திரும்பக் கொண்டுவர வேண்டியதில்லை. கண்ணில் பட்டதை ஒரு ஆளின் வேலையாக்கும் ஏற்பாடு மட்டும் போதும்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. அந்தப் பாக்கெட்டை நீங்கள் மட்டும் பார்க்கவில்லை. அன்று காலை இரண்டாவது பாக்கெட்டைப் போட்டவர் முதல் பாக்கெட்டைப் பார்த்தார், பெருக்க வந்தவர் பார்த்தார், மேல்மாடிக்காரர்கள் பார்த்திருப்பார்கள். 1968-இல் நியூயார்க்கில் லத்தானே, டார்லி என்ற இருவர் ஒரு அறைக்குள் புகையை விட்டுப் பார்த்தார்கள். உள்ளே தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்து போய்ச் சொன்னார்கள். கூடவே இரண்டு பேர் கண்டுகொள்ளாததுபோல் உட்கார்ந்திருந்தபோது, சொன்னவர்கள் 10 சதவீதம்தான். எல்லோரும் பார்க்கிற விஷயம் யாருடைய விஷயமும் இல்லாமல் போகும்.

உங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குரூப்புக்கும் இதே கதிதான். ‘2-ம் மாடி அம்மா கதவைத் திறக்கவில்லை, யாராவது பாருங்களேன்’ என்று போட்டால் 48 வீட்டிலும் படிப்பார்கள், நாலு பேர் கைகூப்புவார்கள். இனிமேல் வீட்டு எண்ணைச் சொல்லி எழுதுங்கள்: ‘2சி சார், நீங்க அந்த அம்மா வீட்டுக் கதவைத் தட்டுங்க. 3ஏ மேடம், நீங்க வாட்ச்மேனைக் கூட்டிட்டு வாங்க. நான் பையனுக்குப் போன் பண்றேன்.’ ஆளைக் குறித்துக் கேட்டால் பெரும்பாலும் வந்துவிடுவார்கள்.

இனி ஏற்பாட்டுக்கு வருவோம். அந்த அம்மாவிடம் கேட்காமல் எதையும் தொடங்காதீர்கள். ‘உங்களுக்கு ஏதாவது உதவி வேணுமா?’ என்று கேட்டால், ‘உங்களுக்கு எதுக்குப்பா சிரமம்’ என்ற பதில்தான் வரும். விழுந்து கிடந்ததையும், அந்நியர்கள் வந்து தூக்கியதையும் நினைத்து அவர் ஏற்கெனவே கூசிப்போயிருப்பார். அதனால் கொடுக்கல் வாங்கலாகக் கேளுங்கள்: “அம்மா, நாங்க ஊருக்குப் போறப்போ எங்க வீட்டுச் சாவி ஒண்ணு உங்ககிட்ட இருக்கட்டுமா? உங்க சாவி ஒண்ணு எங்ககிட்ட குடுத்து வைங்க.” உங்கள் மனைவி கேட்டால் இன்னும் நல்லது. கொரியரை வாங்கி வைப்பதுபோல் அவரும் உங்களுக்கு ஏதாவது செய்யும்படி இருக்கட்டும். அதற்காகக் குழந்தையை தினமும் அவரிடம் விட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். அது வேறு விதமான சுரண்டல்.

சாவி கைக்கு வந்ததும் நிம்மதியாகிவிட வேண்டாம். நம் வீடுகளில் சாவி இருந்தும் கதவு திறக்காது. தனியாக இருப்பவர் ராத்திரி உள்தாழ்ப்பாள் போட்டுவிடுவார், கிரில் கேட்டுக்கு உள்பக்கம் பூட்டு வேறு. வெளியே நின்று சாவியைத் திருகிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ராத்திரிப் பாதுகாப்புக்கு, வெளியிலிருந்தும் சாவியால் திறக்கக்கூடிய நைட் லாட்ச் போட்டு, தாழ்ப்பாளைப் பயன்படுத்துவதை நிறுத்தச் சொல்லுங்கள். சில நைட் லாட்ச்சில் உள்ளே ஒரு சின்னப் பித்தான் இருக்கும், அதைத் தள்ளிவிட்டால் வெளிச்சாவி வேலை செய்யாது. அதையும் காட்டிக் கொடுங்கள். கிரில் பூட்டுக்கு மறுசாவி வேண்டும். ஒரு செட் உங்களிடம், இன்னொன்று அசோசியேஷனில், உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் அந்த அம்மா கையெழுத்துப் போட்டது. பிரித்தால் தெரியும் என்பது அவருக்கும் நிம்மதி, உங்களுக்கும் பாதுகாப்பு.

அடுத்தது பாத்ரூம் கதவு. உள்பக்கம் திறக்கும் கதவென்றால், விழுந்தவர் அதன் மேலேயே சாய்ந்து கிடப்பார், தள்ளித் திறக்கவும் முடியாது. கீலை மாற்றி வெளிப்பக்கம் திறக்கும்படி செய்ய ஒரு தச்சருக்கு அரை நாள் வேலை. அது முடியும்வரை தனியாக இருக்கும்போது தாழ்ப்பாள் போடாமல் குளிக்கட்டும். உள்ளே பிடித்துக்கொள்ள, தரையிலிருந்து மூன்றடிக்குச் சற்றுக் குறைவான உயரத்தில், சுவரில் ஸ்க்ரூ வைத்து முடுக்கிய கைப்பிடி வேண்டும். டவல் கம்பி ஆள் எடையைத் தாங்காது. ரப்பர் உறிஞ்சியால் ஒட்டும் கைப்பிடியும் நம்பத் தக்கதல்ல. டைல்ஸில் ஈரம் பட்டால் எந்த நேரமும் கழன்று வரும்.

விழுந்தபோது அவருடைய போன் ஹாலில் சார்ஜில் இருந்திருக்கும். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அதற்கு மலிவான வழி ஒயர் இல்லாத காலிங் பெல், சில நூறு ரூபாய்தான். மணியை உங்கள் வீட்டில் மாட்டுங்கள். பட்டனை அவர் பாத்ரூமில், தண்ணீர் தெறிக்காத மூலையில், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் ஒட்டுங்கள். நிற்கிறவர் கைக்கு எட்டும் உயரத்தில் ஒட்டிவிட்டால், கிடக்கிறவருக்கு எட்டாது. படுக்கைக்குக் கீழே இன்னொன்று இருந்தால் நல்லது. எந்த வீட்டிலும் பேட்டரி தீர்ந்ததை யாரும் கவனிப்பதில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி அழுத்திப் பார்க்க வேண்டும்.

தினசரி அடையாளம் பால் பைதான். வேறு எதையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டாம். காலை எட்டு மணிக்குள் பையிலிருந்து பாக்கெட்டை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லையென்றால் பெல் அடியுங்கள். பதில் இல்லையென்றால் போன். உள்ளே ரிங் கேட்டும் எடுக்கவில்லை என்றால் பத்து நிமிடம்தான் அவகாசம். பிறகு இரண்டு பேராக, அதில் ஒருவர் பெண்ணாக, மகனுக்குத் தகவல் சொல்லிவிட்டுச் சாவி போட்டுத் திறந்துவிடுங்கள். தயங்கி நின்றால் மணிக்கணக்கு ஓடிவிடும். ஜப்பானில் யாகுல்ட் என்ற புளித்த பால் பானத்தை வீடு வீடாக விற்கும் பெண்கள் 1972-லிருந்து தனியாக வாழும் முதியவர்களை விசாரித்துவிட்டு வருகிறார்கள். பிரான்ஸில் 2017 முதல் தபால்காரர்கள் கட்டணத்துக்கு இந்த வேலையைச் செய்கிறார்கள். ஏற்கெனவே அந்த வாசலுக்குப் போய்க்கொண்டிருக்கிற ஆளையே பிடித்துக்கொண்டார்கள். உங்கள் பால்காரரிடமும், வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடமும் உங்கள் நம்பரைக் கொடுத்து வையுங்கள். அந்தப் பெண் லீவு போடும் நாட்கள் உங்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். போன மாதம் ஓட்டை விழுந்தது அங்கேதான்.

இந்த மாதிரி ஏற்பாடுகள் பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில் செத்துப்போகும். அந்த அம்மா கோயிலுக்குப் போயிருப்பார், நீங்கள் பதறிக் கதவைத் திறப்பீர்கள், இரண்டு பேருக்கும் சங்கடமாகிவிடும். இரண்டு தடவை இப்படி ஆனால் மூன்றாவது தடவை ‘எங்கேயாவது போயிருப்பாங்க’ என்று விட்டுவிடுவீர்கள். அதனால் தொடங்கும்போதே பேசிக்கொள்ளுங்கள்: தப்பாக அலறினாலும் பரவாயில்லை, யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். வெளியே போனால் அவர் உங்கள் கதவில் ஒரு சீட்டு செருகிவிட்டுப் போகட்டும். இன்னொரு காரணம், ஒரே ஆள் பார்ப்பது. நீங்கள் வெளியூர் போன வாரம்தான் ஏதாவது நடக்கும். அதே மாடியில் இன்னொரு வீட்டையும் சேர்த்து, திங்கள் முதல் வியாழன் உங்களுக்கு, மீதி அவர்களுக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒருவேளை மறுபடி விழுந்து கிடந்தால், முதலில் தூக்காதீர்கள். நம் ஊரில் இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்து இழுத்துத்தான் எழுப்புவார்கள். தோள்மூட்டு பிசகும், இடுப்பெலும்பு முறிந்திருந்தால் இன்னும் விலகும். கூப்பிட்டுப் பாருங்கள், பேசுகிறாரா? ஒரு கால் குட்டையாகத் தெரிந்து பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பு முறிவு என்றே வைத்துக்கொண்டு, அசைக்காமல் போர்த்திவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். வாய் ஒரு பக்கம் கோணல், ஒரு கை தூக்க வராமை, பேச்சுக் குழறல் இருந்தால் பக்கவாதம். கடைசியாக அவர் சரியாக இருந்ததைப் பார்த்தது எத்தனை மணிக்கு என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள்தான் போடுவார்கள். மயக்கமாகவோ அரைத் தூக்கத்திலோ இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். சர்க்கரை நோயாளி நன்றாக நினைவோடு இருந்து, வியர்த்து நடுங்கினால் மட்டும் மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், எழுந்து உட்கார்ந்து சிரித்துப் பேசினாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடந்திருந்தால், வலி இல்லை என்றாலும் போக வேண்டும். போன மாதம் அவருக்குச் சிறுநீரகம் கெட்டதன் காரணம் பெரும்பாலும் இதுதான். உடம்பின் பாரம் ஒரே பக்கத் தசையை அழுத்திக்கொண்டே இருந்தால் தசை நசிந்து, அதிலிருந்து வெளியேறும் பொருள்கள் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். தண்ணீர் குடிக்காமல் கிடந்தது அதை இன்னும் மோசமாக்கும். எத்தனை மணி நேரம் கிடந்தார் என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

எங்கும் வலியில்லை, கை கால் எல்லாம் அசைகிறது என்றால் அவரையே எழ வைக்கலாம். பக்கவாட்டில் திரும்பி, முட்டிபோட்டு, முன்னால் வைத்த நாற்காலியில் நல்ல கையை ஊன்றி, பலமான காலை முன்னால் வைத்து எழ வேண்டும். நீங்கள் பின்னால் இன்னொரு நாற்காலியைத் தள்ளிக்கொடுத்தால் போதும். கை முறிவு ஆறும்வரை அவரால் இதைச் செய்ய முடியாது. அதுவரை விழுந்தால் 108தான்.

முன்வாசல் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கட்டும்: பெயர், பிறந்த வருடம், மாத்திரைகளின் பெயரும் அளவும், ஒவ்வாமை, வழக்கமாகப் பார்க்கும் மருத்துவமனை, மகன் நம்பர், உள்ளூரில் ஒரு உறவினர் நம்பர். மருந்துச்சீட்டு மாறும்போதெல்லாம் தாளையும் மாற்ற வேண்டும். பட்டியலே இல்லாததைவிடப் பழைய பட்டியல் ஆபத்து.

இனி உங்கள் மனைவியின் பயம். ‘எல்லாம் நம் தலையில்’ விழுவது எல்லையைச் சொல்லாதபோதுதான். மகனிடம் ஒருநாள் வீடியோ காலில் நிதானமாகப் பேசுங்கள். அவர் ஏன் வரவில்லை என்ற விசாரணை வேண்டாம். மூன்று விஷயம் கேளுங்கள். அவசரத்தில் நீங்களும் அடுத்த வீட்டுக்காரரும் கதவைத் திறக்கலாம், இன்ன மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம் என்று எழுத்தில் ஒரு மெசேஜ். மருத்துவமனை முன்பணத்துக்கு உடனே அனுப்பும் ஏற்பாடு. இரண்டு மணி நேரத்துக்குள் வந்து பொறுப்பேற்கக்கூடிய ஒரு சொந்தக்காரர். இந்த மூன்றாவது இல்லையென்றால் மருத்துவமனையில் கையெழுத்துப் போடும் ஆளாக நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். அப்படி யாரும் இல்லையென்றால் கட்டணம் வாங்கிப் பார்த்துக்கொள்ளும் முதியோர் பராமரிப்புச் சேவை ஒன்றை மகன் அமர்த்த வேண்டும். அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

பணத்தில் கை வைக்க வேண்டாம். ஏ.டி.எம். பின் நம்பர், நெட் பேங்கிங், நகை இருக்கும் இடம் எதுவும் உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. அவரே நம்பிச் சொன்னாலும் கேட்டுக்கொள்ளாதீர்கள். மருந்து வாங்கித் தந்தால் பில்லோடு தாருங்கள். குளிப்பாட்டுவது, இரவில் துணைக்குப் படுப்பது உங்கள் வேலையில்லை. தினமும் பால் பையைப் பார்க்கும் அரை நிமிடம், வாரத்தில் ஒருநாள் இருபது நிமிடம். உங்கள் மனைவியிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.

அந்த இருபது நிமிடத்தில் உட்கார்ந்து பேசுவதைவிட நடப்பது நல்லது. ஒருமுறை விழுந்தவர் மறுபடி விழுந்துவிடுவோமோ என்று நடையைக் குறைப்பார், நடை குறையக் கால் தசை மெலியும், மெலிந்த கால் மறுபடி விழ வைக்கும். வராந்தாவில் நாலு தடவை போய் வருவதற்கு ஒரு துணை போதும். அவர் பேசுவார், நீங்கள் தீர்வு சொல்லாமல் கேளுங்கள். சொன்னதையே திரும்பச் சொன்னால், ‘போன வாரமே சொன்னீங்களே’ என்று நிறுத்தாதீர்கள். ஆனால் கேஸை மூட மறப்பது, தேதி குழம்புவது போன்றவை புதிதாகத் தெரிந்தால் மகனிடம் சொல்லுங்கள்.

அரசுப் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது. 14567 மூத்த குடிமக்களுக்கான இலவச உதவி எண், காலை எட்டு முதல் இரவு எட்டு வரை. ஓய்வூதியச் சிக்கல், சட்ட ஆலோசனை, கைவிடப்பட்டவர்களுக்கு உதவி இவற்றுக்கு நல்லது, ஆம்புலன்ஸுக்கு மாற்றாகாது. இரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மாத்திரையும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வரும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. அருகில் உள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு பற்றிக் கேட்கலாம். பெற்றோர், மூத்த குடிமக்கள் நலச் சட்டம் 2007-ஐ ஒட்டிய விதிகளில், தனியாக வாழும் முதியவர்களின் பட்டியலைக் காவல் நிலையம் வைத்திருக்க வேண்டும், மாதம் ஒருமுறையாவது ஆள் போய்ப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. நடக்கிறதா என்று கேட்காதீர்கள், அந்த அம்மா சம்மதித்தால் பெயரைப் பதிந்துவிடுங்கள். 48 வீட்டில் இவர் ஒருவர் மட்டும் தனியாக இருக்கமாட்டார். அசோசியேஷன் அடுத்த கூட்டத்தில் பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் இதைப் பேசட்டும்.

உங்கள் தூக்கத்துக்கு ஒரு வார்த்தை. அவரிடம் போய், ‘நான் பாக்கெட்டைப் பார்த்தேம்மா, நின்னு கேட்டிருக்கணும்’ என்று ஒருமுறை சொல்லுங்கள். ஒருமுறை போதும். அழுது, அவர் உங்களைச் சமாதானப்படுத்தும் நிலைக்குக் கொண்டுபோய்விடாதீர்கள். குற்ற உணர்ச்சியும் தன்னைப் பற்றிய நினைப்புத்தான், அவர் ஏற்கெனவே களைத்திருக்கிறார்.

அலுவலகத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புங்கள். பிரின்ஸ்டன் மாணவர்களுக்கு இல்லாமல் போனது அதுதான். இந்த ஞாயிற்றுக்கிழமையே பெல்லை வாங்கி மாட்டிவிட்டு, அவர் பாத்ரூம் தரையில் நீங்களே படுத்துக் கை நீட்டிப் பட்டனை அழுத்திப் பாருங்கள். உங்கள் வீட்டில் மிக்ஸி ஓடும்போதும், கதவு சாத்திய படுக்கையறையிலும் மணி கேட்கிறதா என்று மனைவியைக் கவனிக்கச் சொல்லுங்கள். கேட்கவில்லையென்றால் மணியை ஹாலிலிருந்து அடுப்படிக்கு மாற்றிவிட்டு மறுபடி அழுத்துங்கள்.